ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்கலாமா? மாணவர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

"வாப்பா, ப்ராஜெக்ட்டுக்குப் பணம் கட்டணும். இந்த வாரமே கேட்கிறாங்க."

கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளை இப்படிக் கேட்டால் பெரும்பாலான வீடுகளில் மறுபேச்சு இருக்காது. வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணமோ, கடையில் நின்று சேர்த்த பணமோ, படிப்புக்கு என்றால் தயங்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அது எதற்குப் போகிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு. கல்லூரிக் கட்டணமாக இருக்கலாம். களப்பணிக்கான செலவாக இருக்கலாம். யாரோ எழுதிய ஒன்றை அச்சடித்து, பைண்டிங் போட்டு, முகப்பில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் "ரெடிமேட் ப்ராஜெக்ட்" கடைக்கான விலையாகவும் இருக்கலாம்.

நம் சமுதாயத்தில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறை இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கும் வீடுகள் பல உள்ளன. அந்த வீடுகளில் ஆய்வுக் கட்டுரை எப்படி எழுதுவது, மேற்கோள் எப்படிக் காட்டுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் நோட்ஸை மனப்பாடம் செய்து அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்தது. அதே பழக்கத்தோடு பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைக்கு, அங்கே அது குற்றம் என்பதே தெரிவதில்லை. ஆகவே உதவி தேடுவதில் தவறில்லை, அது தேவையும்கூட. ஆனால் எழுதக் கற்றுத்தரும் உதவி எது, பிள்ளைக்குப் பதிலாக எழுதித் தரும் உதவி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குப் பெற்றோர் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை.

மூலத்தை ஏன் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. ஒரு ஹதீஸைச் சொன்னால், "யார் அறிவித்தது? அவர் யாரிடம் கேட்டார்?" என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்துதான் ஹதீஸ்கலை அறிஞர்கள் அதை ஏற்றார்கள் அல்லது மறுத்தார்கள். அந்த இஸ்னாத் முறையின் பயன் நமக்குத் தெரியும்: செய்தி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதன் தரத்தை மற்றவர் சோதிக்க முடியும்.

பல்கலைக்கழக எழுத்திலும் மேற்கோள் இதே வேலையைத்தான் செய்கிறது. முதலாவதாக, உழைத்தவருக்கு உரிய பெயர் கிடைக்கிறது. இரண்டாவதாக, படிப்பவர் விரும்பினால் மூலத்தைத் தேடிப் பிடித்துச் சரிபார்க்கலாம். மூன்றாவது பயனைப் பலரும் யோசிப்பதில்லை. பிறர் சொன்னது எது என்று தெளிவாகக் காட்டினால்தான், மாணவர் தாமாகச் சிந்தித்துச் சொன்னது எது என்பது ஆசிரியருக்குத் தெரியும். மதிப்பெண் கிடைப்பது அந்தச் சொந்தச் சிந்தனைக்குத்தான். மேற்கோள் நிறைய இருந்தால் "எல்லாம் காப்பி" என்று நினைத்துவிடுவார்களோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை.

எதற்கு மூலம் காட்ட வேண்டும்?

இந்தியா 1947ஆம் ஆண்டு விடுதலை பெற்றது என்று எழுத எந்த நூலையும் காட்ட வேண்டாம். அது எல்லோருக்கும் தெரிந்த பொதுச் செய்தி. ஆனால் கீழ்க்கண்டவற்றுக்குக் கட்டாயம் மூலம் காட்ட வேண்டும்:

- பிறருடைய சொற்களை அப்படியே எடுத்தாளும்போது (மேற்கோள் குறியும் தேவை)
- பிறருடைய கருத்தை நம் சொற்களில் எழுதும்போது
- புள்ளிவிவரம், அட்டவணை, வரைபடம், புகைப்படம் ஆகியவற்றை எடுக்கும்போது
- ஆங்கில நூலில் அல்லது அரபி நூலில் உள்ளதைத் தமிழாக்கிச் சேர்க்கும்போது
- நேர்காணலில் ஒருவர் சொன்னதைப் பயன்படுத்தும்போது
- முந்தைய பருவத்தில் தாமே எழுதிக் கொடுத்த கட்டுரையிலிருந்து எடுக்கும்போது

நான்காவதைத் தமிழ்வழி மாணவர்கள் கவனிக்க வேண்டும். "மொழிபெயர்த்தது நான்தானே, இது என் எழுத்துதானே" என்று நினைப்பது தவறு. மொழி மாறினாலும் கருத்து அந்த ஆசிரியருடையதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு

பத்தமடைப் பாய் நெசவைப் பற்றி ஒரு மாணவி ப்ராஜெக்ட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் படித்த நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம் (விளக்கத்துக்காக நாமே எழுதியது): "கோரையைக் கீறுவதும் சாயமேற்றுவதும் வீட்டுக்குள்ளேயே நடப்பதால் பெண்களின் உழைப்பு கூலிக் கணக்கில் சேர்வதில்லை."

இதை அப்படியே தம் கட்டுரையில் ஒட்டினால் அது திருட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் அடுத்து செய்வது இது: "கோரையைக் கிழிப்பதும் வண்ணமேற்றுவதும் இல்லத்துக்குள்ளேயே நிகழ்வதால் மகளிரின் உழைப்பு ஊதியக் கணக்கில் இடம்பெறுவதில்லை." சொற்கள் மாறிவிட்டன. வாக்கியத்தின் கட்டமைப்பும் கருத்தும் மாறவில்லை. இதுவும் கருத்துத் திருட்டுதான். நம் பிள்ளைகள் அதிகம் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். இணையத்தில் கிடைக்கும் வாக்கியம் மாற்றும் மென்பொருள்கள் செய்து தருவதும் இதைத்தான்.

சரியான முறை என்ன? புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, புரிந்ததைத் தன் சொற்களில் எழுதுவது. பிறகு திறந்து சரிபார்த்து, மூலத்தைக் குறிப்பது. உதாரணமாக: "நெசவுக்கு முந்தைய வேலைகளைச் செய்யும் பெண்களுக்குத் தனிக்கூலி இல்லை என்பது இந்நூலாசிரியரின் கருத்து (ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம்). நான் சந்தித்த குடும்பங்களில் இது எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை அடுத்த பகுதியில் காணலாம்." நூல் சொன்னது எது, மாணவி கண்டது எது என்று இப்போது பிரிந்து தெரிகிறது. கட்டுரையும் வலுவாகிவிட்டது.

எந்த முறையில் எழுதுவது?

மேற்கோள் காட்டுவதற்குப் பல முறைகள் உள்ளன. சமூக அறிவியல், உளவியல், கல்வியியல் துறைகளில் ஏ.பி.ஏ. முறை அதிகம் வழங்குகிறது. மொழி, இலக்கியத் துறைகளில் எம்.எல்.ஏ. முறை (சட்டமன்ற உறுப்பினருக்கும் இதற்கும் தொடர்பில்லை, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வகுத்தது). வரலாற்றில் சிகாகோ முறை. பொறியியலில் ஐ.இ.இ.இ. மருத்துவத்தில் வான்கூவர். எது வேண்டும் என்பதைத் துறையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை அதையே பின்பற்ற வேண்டும். ஒரே கட்டுரையில் இரண்டு முறைகளைக் கலக்கக் கூடாது.

முறை எதுவானாலும் கேட்கும் விவரங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: யார் எழுதியது, எப்போது, தலைப்பு என்ன, யார் வெளியிட்டது, எந்தப் பக்கம். தென்னிந்திய முஸ்லிம், கிறிஸ்தவ சமூகங்களின் வரலாறு பற்றி சூசன் பெய்லி எழுதிய ஆங்கில நூலை எடுத்துக்கொள்வோம். 1989இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. ஏ.பி.ஏ. முறையில் கட்டுரைக்குள் "(பெய்லி, 1989)" என்று வரும். சொற்களை அப்படியே எடுத்திருந்தால் பக்க எண்ணும் சேரும். கட்டுரையின் கடைசியில் உள்ள பட்டியலில் ஆசிரியர், ஆண்டு, முழுத் தலைப்பு, பதிப்பகம் என்ற வரிசையில் முழு விவரமும் வரும். உள்ளே குறிப்பிட்ட ஒவ்வொன்றும் கடைசிப் பட்டியலில் இருக்க வேண்டும். உள்ளே குறிப்பிடாத எதுவும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் கையால் எழுதிச் சிரமப்பட வேண்டியதில்லை. ஜோட்டேரோ என்ற இலவச மென்பொருள் மூல விவரங்களைச் சேமித்து, கேட்ட முறையில் பட்டியலைத் தயாரித்துத் தரும். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு முடிவுக்கும் கீழே உள்ள மேற்கோள் பொத்தானை அழுத்தினாலும் பல முறைகளில் விவரம் கிடைக்கும். ஆனால் பெயர், ஆண்டு, பெரிய எழுத்து, சிறிய எழுத்து ஆகியவற்றில் பிழைகள் வரும். ஒருமுறை கண்ணால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

விதிகள் என்ன சொல்கின்றன?

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளில் பிற எழுத்துகளோடு உள்ள ஒற்றுமை நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது:

- 10 சதவீதம் வரை: தண்டனை இல்லை.
- 10க்கு மேல் 40 சதவீதம் வரை: 6 மாதங்களுக்கு மிகாத காலத்துக்குள் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும்.
- 40க்கு மேல் 60 சதவீதம் வரை: திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஓராண்டு தடை.
- 60 சதவீதத்துக்கு மேல்: பதிவே ரத்து.

பட்டம் வாங்கிய பிறகு திருட்டு நிரூபணமானால் அந்தப் பட்டத்தை நிறுத்திவைக்கவும் விதியில் இடமுண்டு. முறையாக மூலம் காட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, சட்டப் பிரிவுகள், பொதுவான சமன்பாடுகள் போன்றவை இந்தக் கணக்கில் சேராது. இளங்கலை ப்ராஜெக்ட், அசைன்மென்ட் ஆகியவற்றுக்கு அந்தந்தக் கல்லூரியின் விதிகளே பொருந்தும். அவற்றைச் சேர்ந்தவுடனேயே கேட்டு வாங்கிப் படித்துவிடுவது நல்லது.

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மென்பொருள் சொல்வது எழுத்து ஒற்றுமையை மட்டுமே. 8 சதவீதம் என்று வந்தாலும், அந்த எட்டும் மூலம் காட்டாமல் எடுத்த ஒரே பத்தி என்றால் அது திருட்டுதான். "பத்து சதவீதம் வரை காப்பி அடிக்கலாம்" என்று சீனியர்கள் சொல்வதை நம்ப வேண்டாம்.

முனைவர் பட்ட ஆய்வேடுகள் இன்று "சோத்கங்கா" இணையக் களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி சேர்க்கப்படுகின்றன. ஆகவே ஆய்வேடு அலமாரிக்குள் முடங்கிவிடுவதில்லை. பல ஆண்டுகள் கழித்தும் யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியின் கல்வி அமைச்சராக இருந்த அனெட் ஷாவான் 1980இல் முனைவர் பட்டம் பெற்றவர். ஆய்வேட்டில் பிறர் எழுத்து மூலம் காட்டாமல் எடுக்கப்பட்டதாகக் கூறி, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகமே 2013இல் அதைத் திரும்பப் பெற்றது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஆனாலும் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். இடையில் கடந்திருந்தது 33 ஆண்டுகள்.

சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா?

இன்று பிள்ளைகள் முதலில் கேட்பது செயற்கை நுண்ணறிவிடம்தான். கடினமான பத்தியை விளங்கிக்கொள்ள, இலக்கணப் பிழை பார்க்க, தலைப்பை யோசிக்க அது உதவும், கல்லூரி அனுமதித்தால். ஆனால் அதை மூலமாக நம்பக் கூடாது. இல்லாத நூலை, இல்லாத கட்டுரையை, உண்மையான ஆசிரியரின் பெயரோடு சேர்த்துக் கொடுத்துவிடும். பார்ப்பதற்கு அசல் போலவே இருக்கும்.

2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில், ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் காட்டிய முந்தைய தீர்ப்புகள் பல உலகத்திலேயே இல்லாதவை. சாட்ஜிபிடி உருவாக்கிக் கொடுத்ததைச் சரிபார்க்காமல் சேர்த்திருந்தார்கள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அனுபவமுள்ள வழக்கறிஞர்களுக்கே இந்த நிலை.

சரிபார்ப்பது எளிது. கட்டுரைத் தலைப்பைக் கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். ஆய்விதழ்க் கட்டுரை என்றால் பெரும்பாலும் டி.ஓ.ஐ. என்ற அடையாள எண் இருக்கும். அதை டி.ஓ.ஐ. தளத்தில் இட்டால் அந்தக் கட்டுரையின் பக்கத்துக்கே கொண்டுபோகும். கண்ணால் பார்க்காத, திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நல்ல உதவி எங்கே கிடைக்கும்?

முதல் உதவி கைடு. பலர் ப்ராஜெக்ட் முடிந்த பிறகுதான் அவரைப் பார்க்கிறார்கள். தலைப்பு முடிவானதும் ஒரு பக்கச் சுருக்கத்தோடு போய்ப் பார்த்தால், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது நூலகர். எந்த நூல் எங்கே கிடைக்கும், எந்த ஆய்விதழுக்குக் கல்லூரி சந்தா கட்டியிருக்கிறது, ஒற்றுமைச் சோதனை எப்படிச் செய்வது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூரில் கன்னிமாரா, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவை ஆய்வு மாணவர்களுக்குப் பெரும் துணை. வீட்டிலிருந்தே படிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இந்திய தேசிய மின்னணு நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் இணையத்தளம் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

எழுதக் கற்றுக்கொள்ள, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தின் இணைய எழுத்துக்கூடம் மேற்கோள் முறைகளை உதாரணத்தோடு விளக்குகிறது. ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்கத் தடுமாறுபவர்களுக்கு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் சொற்றொடர்த் தொகுப்பு உண்டு. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் கல்விசார் எழுத்து பற்றிய பாடங்கள் உள்ளன. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள், தங்கள் பல்கலைக்கழகத்தில் எழுத்து மையம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் இலவசம். கூச்சப்பட்டுப் போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

ஊரில் படித்து முடித்த மூத்த மாணவர்கள், பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஜமாஅத்தோ கல்வி அமைப்போ விடுமுறையில் ஒருநாள் அவர்களை உட்காரவைத்து, மாணவ மாணவியருக்கு இவற்றைச் சொல்லிக்கொடுத்தால் செலவே இல்லாமல் பெரும் பயன் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

எல்லை எங்கே?

பிழை திருத்தம், தட்டச்சு, பக்க வடிவமைப்பு ஆகியவற்றைக் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாமா? பல இடங்களில் அனுமதி உண்டு. கைடிடம் முன்கூட்டியே சொல்லி, நன்றியுரையில் குறிப்பிட்டுவிடுவது பாதுகாப்பு. ஆனால் தரவு சேகரிப்பதும், வாதத்தைக் கட்டுவதும், முடிவு எழுதுவதும் மாணவரின் வேலை. அதை வேறொருவர் செய்தால் அது உதவி என்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

வெளிநாட்டில் இது சட்டப் பிரச்சினையாகவும் ஆகியிருக்கிறது. மாணவர்களுக்குக் காசு வாங்கிக் கட்டுரை எழுதிக் கொடுப்பதை ஆஸ்திரேலியா 2020இலும், இங்கிலாந்து 2022இலும் சட்டப்படி குற்றமாக்கின. சட்டம் விற்பவர்மீது பாய்ந்தாலும், வாங்கிய மாணவரைப் பல்கலைக்கழகம் சும்மா விடுவதில்லை. படிப்பையும் அதோடு சேர்ந்து விசாவையும் இழக்க நேரலாம். கட்டுரை எழுதிக் கொடுத்தவர்களே பிறகு "பல்கலைக்கழகத்தில் சொல்லிவிடுவோம்" என்று மிரட்டிப் பணம் கேட்கும் ஆபத்தும் இருக்கிறது.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

ப்ராஜெக்ட் என்று பிள்ளை பணம் கேட்டால் கோபப்பட வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்:

- நீ எதைப் பற்றி எழுதுறே? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு.
- இதை யார் சொன்னது? எந்தப் புத்தகத்துல இருக்கு?
- நீயா கண்டுபிடிச்சது எது?
- கைடு என்ன சொன்னாங்க? கடைசியா எப்போ பார்த்தே?
- இந்தப் பணம் எந்த வேலைக்கு?

எழுதிய பிள்ளை இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும். சொல்லச் சொல்ல உற்சாகமாகும். வாங்கிய பிள்ளை முதல் கேள்வியிலேயே தடுமாறும். பிறகு வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் கேட்கப் போவதும் இதே கேள்விகளைத்தான்.

ஏற்கெனவே காப்பி அடித்துவிட்டேன், கடையில் கொடுத்துவிட்டேன் என்று பிள்ளை ஒப்புக்கொண்டால்? இன்னும் சமர்ப்பிக்கவில்லை என்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கைடிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லி, கூடுதல் அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். தாமதமானால் சில மதிப்பெண் குறையலாம். ஒரு பருவம் தள்ளிப்போனாலும் போகட்டும். அதன் பிறகு கிடைக்கும் பட்டத்தை எத்தனை வருடம் கழித்து யார் எடுத்துப் பார்த்தாலும் பிள்ளை பயப்பட வேண்டியிருக்காது.